மண நாளில் மணமக்கள் பேசட்டும்

(ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய தினம் இங்கு நடைபெறும் இத்திருமணத்தை நாம் நடத்திக் கொடுப்போம் என்பதாக அழைப்பிதழில் போட்டிருக்கின்றார்கள். நாம் நடத்திக் கொடுப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. மணமகனும் மணமகளும் வயது வந்தவர்கள். இருவரும் உழைத்துச் சம்பாதிக்கின்றவர்கள். ஒருவரையொருவர் அறிந்து, சம்மதித்து, இங்கு வந்து உட்கார்ந்திருக்கின்றவர்கள். ஆகையால் நடத்திக் கொள்ளப் போகின்றவர்கள் அவர்களே. நாமும் உங்களைப் போலவே பார்க்க வந்த ஒரு சாட்சி. ஆனாலும் பேசும்படி கட்டளையிட்டிருப்பதால் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

பதினைந்து நாட்களுக்கு முன் இம்மணமக்கள் நம் வீட்டிற்கு வந்திருந்தார்கள். "ஐயா, எல்லாக் கல்யாணமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றது. எங்கள் கல்யாணம் எங்களுடையது என்று தெரிய வேண்டும். அதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. "வேறு யாரையாவது கேட்டீர்களா?" என்றோம். கேட்டிருக்கின்றார்கள். மேடை அலங்காரம் செய்கின்றவர் ஒருவர், இருவர் பெயரின் முதலெழுத்தையும் பூவால் எழுதித் தொங்கவிடலாம் என்றாராம். தண்ணீர் பாட்டிலில் இருவர் படத்தையும் ஒட்டலாம் என்றாராம். கல்யாணத்துக்கு முன்பே கடற்கரைக்கும் மலைக்கும் அழைத்துக்கொண்டு போய் சினிமாக்காரர்கள் மாதிரிப் படம் எடுக்கலாம் என்றாராம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகையும் சொன்னாராம்.

தோழர்களே! அவர்மீது நமக்குக் கோபமில்லை. அவருக்கு அது பிழைப்பு. ஆனால் பூவால் எழுதிய எழுத்து பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். பாட்டில், தண்ணீர் தீர்ந்தவுடன் குப்பைக்குப் போய்விடும். நாளைக்கு அதே மேடையில் எழுத்தை மட்டும் மாற்றி இன்னொரு ஜோடிக்குத் தொங்கவிடுவார்கள். விலை கொடுத்தால் எவருக்கும் கிடைக்கக்கூடிய ஒன்று இவ்விருவருக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? ஆகவே இக்கேள்விக்கு நாம் அன்று சொன்ன பதிலையும், அதன்பின் யோசித்ததையும் இங்கு சொல்லுகின்றோம். கல்யாணம் செய்துகொள்ள இருக்கின்றவர்களுக்கும், பிள்ளைகளுக்குச் செய்துவைக்க இருக்கின்ற பெற்றோர்களுக்கும் உபயோகப்பட்டால் சந்தோஷம்.

யாருடைய நாள்?

முதலாவது, வழக்கமான கல்யாணத்தில் கல்யாணம் செய்துகொள்ளுகின்ற இருவருக்கும் என்ன வேலை இருக்கின்றது என்பதைப் பாருங்கள். நாள் குறிப்பவர் சோதிடர். நேரம் சொல்லுவது பஞ்சாங்கம். பேசுகின்றவர் புரோகிதர். எவ்வளவு செலவு செய்வது என்று தீர்மானிப்பது ஊரார் வாய். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது சிரிப்பது என்று உத்தரவு போடுகின்றவர் போட்டோக்காரர். மணமகன் செய்வதெல்லாம் புகையில் கண்ணைக் கசக்கிக் கொண்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லுவதுதான். மணமகளுக்கு அந்த வேலைகூட அநேகமாகக் கிடையாது. தலையைக் குனிந்து கொண்டிருந்தால் போதும்.

அங்கு சொல்லப்படுவதாவது அவர்களுக்குத் தெரியுமா? ரிக் வேதத்தின் பத்தாவது மண்டலத்தில் 85-ஆவது பாட்டு விவாகத்தைப் பற்றியது. அதில், மணப்பெண்ணை முதலில் சோமன் அடைந்தான், பிறகு கந்தர்வன் அடைந்தான், மூன்றாவதாக அக்கினி அடைந்தான், நாலாவதாகத்தான் மனிதன் அடைகின்றான் என்று ஓரிடம் வருகின்றது. பண்டிதர்கள் இதற்குத் தத்துவார்த்தம் சொல்லுவார்கள். இருக்கட்டும். தத்துவார்த்தமாகவே இருந்தாலும், அதை அந்தப் பெண்ணிடம் தமிழில் சொல்லி, "இதற்கு உனக்குச் சம்மதமா அம்மா?" என்று கேட்டுவிட்டல்லவா சொல்ல வேண்டும்? தனக்குத் தெரியாத பாஷையில், தன்னைப் பற்றி, தன் முன்னாலேயே ஒருவர் எதையோ சொல்ல, அதை ஒரு பெண் கேட்டுக் கொண்டிருப்பதற்குக் கல்யாணம் என்று பெயரானால், அது யாருடைய கல்யாணம்?

நம்முடைய தவறு

இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது நமக்குச் சுலபம். ஆனால் பிறத்தியார் குற்றத்தை மாத்திரம் சொல்லிவிட்டுப் போவது யோக்கியமாகாது. நாமும் இத்தவறைச் செய்தவர்கள் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளுகின்றோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் நடந்த சுயமரியாதைத் திருமணத்திற்கு நாம் தலைமை வகித்தோம். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, அம்மி இல்லை, அருந்ததி இல்லை. நமக்கு வெகு பெருமை. நமக்கு முன் மூவர் பேசினார்கள். நாம் ஒன்றரை மணி நேரம் பேசினோம். நமக்குப் பின் இருவர் பேசினார்கள். அவ்வளவு நேரமும் மணமக்கள் கழுத்து வியர்க்க மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நம் பையில் இருந்த அச்சடித்த உறுதிமொழித் தாளை எடுத்து நாம் வாசிக்க, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அதில் இருந்ததெல்லாம் சமத்துவம், உரிமை, ஒப்பந்தம் என்கின்ற நல்ல வார்த்தைகளே. பந்தி முடிந்து நாம் புறப்படுகின்ற சமயத்தில் அந்த மணப்பெண் நம்மிடம் வந்தாள். பஞ்சு மில்லில் வேலை செய்கின்ற பெண்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கக்கா கல்யாணத்துல ஐயரு சொன்னதும் ஒண்ணும் புரியலீங்க. இன்னைக்கு நீங்க சொல்லச் சொன்னதும் பாதி புரியலீங்க. அவருகிட்ட நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கேக்கவே எடமில்லாமப் போச்சுங்க" என்றாள்.

"என்ன கேட்க வேண்டுமென்று இருந்தாய் அம்மா?" என்றோம்.

"கல்யாணத்துக்கப்புறமும் என் சம்பளத்துல எங்கம்மாவுக்குப் பணம் கொடுப்பேன், அதத் தடுக்கக் கூடாதுன்னு, நாலு பேரு இருக்கறப்பவே கேட்டு வாங்கிக்கணும்னு நெனச்சேனுங்க" என்றாள்.

தோழர்களே! அன்றிரவு பஸ்ஸில் திரும்பும்போது நமக்குத் தூக்கம் வரவில்லை. புரோகிதரை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்திருந்த பலகையில் நாம் உட்கார்ந்து கொண்டோமே தவிர, அப்பெண்ணுக்கு என்ன செய்தோம்? அந்தக் கல்யாணத்தில் அவளுக்கென்று சொந்தமாக இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதை நம்முடைய ஒன்றரை மணி நேரப் பேச்சு விழுங்கிவிட்டது. அன்று முதல் அச்சடித்த தாளை நாம் எடுத்துப் போவதில்லை.

சட்டம் என்ன கேட்கின்றது?

நிற்க, சட்டமாவது சடங்கைக் கேட்கின்றதா என்று பார்ப்போம். 1928-ஆம் வருஷத்தில் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் அவர்கள் முன்னின்று புரோகிதரில்லாத் திருமணம் நடத்தி வைத்தார்கள். அதன்பின் எத்தனையோ பேர் இம்முறையில் மணந்து கொண்டார்கள். ஆனால் 1953-இல் சென்னை ஹைக்கோர்ட்டு, ஒரு வழக்கில், இப்படி நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் இம்முறையில் மணந்த பெண்களின் அந்தஸ்தும், அவர்கள் பெற்ற பிள்ளைகளின் சொத்துரிமையும் அந்தரத்தில் தொங்கின. அண்ணா அவர்கள் முதன் மந்திரியானபின் 1967-இல் இந்து விவாகச் சட்டத்தில் 7-ஏ என்கின்ற பிரிவைச் சேர்த்தார்கள். 20-1-1968 முதல் அது அமுலுக்கு வந்தது. அதற்கு முன் இம்முறையில் நடந்த கல்யாணங்களும் செல்லுபடியாயின.

அந்தப் பிரிவில் என்ன இருக்கின்றது? உறவினரோ, சிநேகிதரோ, மற்றவரோ சிலர் முன்னிலையில், இருவரும் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்றுக் கொள்ளுவதாக, தங்கள் இருவருக்கும் புரிகின்ற எந்தப் பாஷையிலாவது சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக் கொண்டாலோ, விரலில் மோதிரம் போட்டுக் கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். வேறு வேறு மதத்தைச் சேர்ந்தவர்களும் மணக்க இடமளித்து 1954-இல் செய்த தனித் திருமணச் சட்டமும் அப்படித்தான். அதற்கு முப்பது நாள் நோட்டீசும், மூன்று சாட்சிகளும், பதிவு அதிகாரியும் வேண்டும். ஆனால் எந்த முறையில் நடத்துவது என்பது மணமக்கள் இஷ்டம். நான் உன்னை மணக்கின்றேன் என்று அவர்களுக்குப் புரிகின்ற பாஷையில் ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டியது மாத்திரம் கட்டாயம்.

பார்த்தீர்களா தோழர்களே! "புரிகின்ற பாஷை" என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கின்றது. அதையே அந்த மில் தொழிலாளிப் பெண்ணும் கேட்டாள். மேடையில் பேசின நமக்குத்தான் தோன்றவில்லை.

2023-இல் சுப்ரீம் கோர்ட்டு, 7-ஏ பிரிவின்படி மணப்பவர்கள் ஊரைக் கூட்டிப் பகிரங்கமாகச் செய்ய வேண்டுமென்ற கட்டாயமில்லை என்றும் சொல்லிவிட்டது. ஜாதி வெறிக்குப் பயந்து, பெற்றோரை விட்டு ஓடிவந்து மணக்கின்ற பிள்ளைகள் இன்றைக்கும் நம் நாட்டில் இருக்கின்றார்கள். அவர்களுக்குப் பந்தல் இல்லை, மேளம் இல்லை, இரண்டு மூன்று சிநேகிதர்கள் மாத்திரம் உண்டு. அந்தக் கல்யாணமும் முழுக் கல்யாணமே. அவர்கள் சொல்லுகின்ற அந்த ஒரு வார்த்தை, மூவாயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணத்தில் சொல்லப்படாத வார்த்தையைவிடப் பெரியது.

என்ன செய்யலாம்?

ஆகவே, மண நாளைச் சொந்தமாக்கிக் கொள்ளுவதற்கு நாம் சொல்லும் யோசனைகள் இவை. செய்துதான் தீரவேண்டும் என்று நாம் கட்டளையிடவில்லை. யோசித்து, சரியென்று பட்டால் செய்யுங்கள்.

முதலாவது, உறுதிமொழியை நீங்களே எழுதுங்கள். ஐந்தாறு வாக்கியம் போதும். வீட்டில் பேசுகின்ற பேச்சிலேயே எழுதுங்கள். அன்பு, இன்பம் என்று மாத்திரம் எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். அவைகளை எவரும் மறுக்கப் போவதில்லை. எதைப் பற்றிப் பின்னால் சண்டை வருமோ அதைப் பற்றி எழுதுங்கள். யார் சம்பளம் யார் கைக்குப் போகும்? அடுப்படி வேலையில் பாதி யாருடையது? மணமகள் மேலே படிக்க ஆசைப்பட்டால் என்ன? பிள்ளை எப்போது, எத்தனை? அவளுடைய தாய்தகப்பனையும் அவனுடைய தாய்தகப்பனையும் ஒரே மாதிரி பார்த்துக் கொள்ளுவீர்களா? வரதட்சணை என்று ஒரு சல்லிக்காசும் கைமாறவில்லை என்று சபையில் சொல்லத் தைரியமுண்டா? இவைகளை ஒருவரையொருவர் கேட்டு, ஒத்துக்கொண்டு, பிறகு நாலு பேர் அறியச் சொல்லுங்கள். சாட்சிகள் வருவது சாப்பிடுவதற்கு மாத்திரமல்ல. கேட்டு, ஞாபகம் வைத்துக் கொள்ளுவதற்காகவும்தான்.

இரண்டாவது, நாளும் நேரமும். வேலை செய்கின்ற ஜனங்கள் வரக்கூடிய நாளாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை 4½ முதல் 6 வரை இராகுகாலம் என்று பஞ்சாங்கம் பயமுறுத்துகின்றது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறப்பது நிற்கின்றதா? ரயில் புறப்படுவது நிற்கின்றதா? நடவுக்காரர்களுக்கும் மில்காரர்களுக்கும் ஓய்வுள்ள நேரமே நல்ல நேரம்.

மூன்றாவது, அழைப்பிதழ். தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும் போடுங்கள். பத்து மாதம் சுமந்தவளுக்குக் காகிதத்தில் ஒரு வரி கொடுக்கலாகாதா? ஜாதிப் பட்டத்தை நீக்குங்கள். வயது வந்த மணமக்கள் தாங்களே தங்கள் பெயரில் அழைத்தால் இன்னும் விசேஷம்.

நாலாவது, தாலி. அது வேண்டுமா வேண்டாமா என்பதை மாமியாரோ, நாமோ, இயக்கமோ தீர்மானிக்க வேண்டியதில்லை. அதை அணியப் போகின்றவளைக் கேளுங்கள். ஒருவர் மாத்திரம் அடையாளம் சுமக்க, மற்றவர் வெறுங்கழுத்தோடு திரிவது எந்த நியாயம் என்பதை மணமகனும் யோசிக்கட்டும். சட்டம் மாலையையும் மோதிரத்தையும் ஒன்று போலவே ஏற்றுக் கொள்ளுகின்றது.

ஐந்தாவது, பேச்சாளர்கள். மணமக்களை அறியாதவர்களை மேடையேற்றி நாட்டு நடப்பு முழுவதையும் பேசச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரையோ, கூட வேலை செய்கின்ற தோழரையோ, பக்கத்து வீட்டு அம்மாளையோ ஐந்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். பந்தல் போட்டவரையும் சமையல் செய்தவரையும் பெயர் சொல்லி மேடையில் வாழ்த்துங்கள். மொய் எழுதும் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டை வைத்து, வந்தவர்கள் தங்கள் குடும்ப வாழ்க்கையில் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை எழுதும்படி கேளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுதட்டும். அந்த நோட்டு உலகத்தில் வேறெந்தக் கல்யாண வீட்டிலும் இருக்காது.

ஆறாவது, கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாலை வாடிவிடும், பதிவு வாடாது. நாளைக்கு ஒரு பெண்ணின் உரிமைக்கு அந்தக் காகிதமே துணை.

கடன்

செலவைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லுகின்றோம். ஊர் மெச்ச வேண்டுமென்று மூன்று லட்ச ரூபாய், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குவதாக வைத்துக் கொள்ளுங்கள். மாதம் ஒன்றுக்கு வட்டி 6,000 ரூபாய். வருஷத்துக்கு 72,000. வட்டியை மாத்திரம் கட்டிக்கொண்டு வந்தால் நாலு வருஷத்தில் 2,88,000 ரூபாய் போய்விடும்; அசல் மூன்று லட்சம் அப்படியே நிற்கும். அதற்குள் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகின்ற வயதை எட்டிவிடும். அப்போது அந்தப் பூ எழுத்தை எங்கே தேடுவது? கல்யாண நாள் ஒரு நாள். கடன்காரன் வருகின்ற நாள் மாதம் ஒன்று. கையிலிருப்பதற்குள் செய்யுங்கள். எல்லா ஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, மணமக்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு சாப்பாட்டைப் போட்டால், அதைவிட விருந்து வேறில்லை.

"இதெல்லாம் நம் முன்னோர் வழக்கமில்லையே" என்று சில பெரியவர்கள் சொல்லுவார்கள். அகநானூற்றில் 86-ஆவது பாட்டும் 136-ஆவது பாட்டும் பழந்தமிழர் திருமணத்தைச் சொல்லுகின்றன. அவைகளில் புரோகிதர் இல்லை, தீவலம் இல்லை. முதற்பாட்டில் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றார்கள். உளுந்து சேர்த்த களி விருந்தில் இருக்கின்றது. சிலப்பதிகாரத்திற்கு வந்தால் பார்ப்பானும் தீவலமும் வந்துவிடுகின்றன. ஆனால் அகநானூற்றிலும் நல்ல நாள் பார்த்த பேச்சு இருக்கின்றது. பழையது என்பதற்காக அதையும் எடுத்துக் கொள்ளவேண்டியதில்லை. வழக்கம் மனிதன் செய்தது. காலத்துக்குக் காலம் மாறி வந்தது. நாமும் மாற்றலாம் என்பதற்கு மாத்திரமே அதை எடுத்துக் காட்டுகின்றோம்.

முடிவுரை

தோழர்களே! இன்னும் ஒன்று சொல்லி முடித்துக் கொள்ளுகின்றோம். இன்று மணமக்களுக்கு மாலை எடுத்துக் கொடுக்கப் போகின்றவர் மணமகளின் தாயார். அந்த அம்மாள் கணவரை இழந்து, இட்லிக்கடை வைத்து, இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தவர். இன்று காலையில் உறவினர் ஒருவர், "தாலியறுத்தவள் கையால் மாலையா?" என்று கேட்டாராம். அந்த அம்மாளும் பயந்து, "நான் பின்னாலேயே நின்றுகொள்ளுகின்றேன்" என்று சொல்லிவிட்டாராம். மணமகள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீ எடுத்துக் கொடுக்காவிட்டால் எனக்கு மாலையே வேண்டாம்மா" என்றாளாம். மணமகனும், "அத்தை வந்து நிற்காமல் நான் மேடை ஏறமாட்டேன்" என்றாராம்.

எங்கள் கல்யாணத்தை எங்களுடையதாகச் செய்வது எப்படி என்று பதினைந்து நாட்களுக்கு முன் நம்மைக் கேட்டவர்கள் இவர்கள்தாம். அதற்குப் பதிலை இன்று காலையில் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை. எந்த அலங்காரக்காரரிடமும் இது கிடைக்காது. புரோகிதரும் சொல்லமாட்டார், நம் அச்சடித்த தாளிலும் இது இருந்ததில்லை.

ஆகையால் நாம் இத்துடன் உட்காருகின்றோம். அம்மா, நீங்கள் முன்னே வாருங்கள். மாலையை எடுங்கள். மணமக்களே, எழுந்து நின்று, உங்கள் கைப்பட எழுதி வைத்திருப்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் கேட்டுக் கொண்டிருக்கின்றோம். கேட்டதை மறக்கமாட்டோம்.